நோன்புப் பங்கு

கயிறு நனைந்திருந்தது.

தன் விரலில்தான் ஈரமோ என்று அமுதம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டுப் பார்த்தாள். இல்லை, கயிறுதான். தாம்பாளத்தில் இருந்த வெற்றிலையிலும் அதன்மேல் வைத்த அதிரசத்திலும் பொட்டு ஈரம் இல்லை. அவள் இடது மணிக்கட்டில் கட்டியிருந்த நோன்புக் கயிறு மஞ்சள் காய்ந்து விறைப்பாக இருந்தது. இரண்டு கயிற்றையும் காலையில் ஒரே கிண்ணத்து மஞ்சளில் தோய்த்து, ஒரே கொடியில் அடுப்புச் சூட்டில் உலர்த்தியவள் அவள்தான். கணவருக்கென்று எடுத்து வைத்த கயிறு மட்டும் பிழியாத துணி போலச் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்ட விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. சமையல் உப்பு இல்லை. கைப்பும் சேர்ந்த கடல் உப்பு.

"எங்கியாச்சும் கை பட்டுருக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு கை கிடையாது என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

எழுபத்தேழாம் வருஷம், தீபாவளிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. காரைக்காலிலிருந்து காரைக்கால்மேட்டுக்குப் போகிற சாலையில், கொல்லைக் கதவைத் திறந்தால் மணலும் அதற்கப்பால் கடலுமாக இருந்த ஓட்டு வீடு. ரேடியோவில் காலையிலிருந்து புயல், புயல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேட்டில் படகுகளை இழுத்துவந்து தென்னைகளில் கட்டியாகிவிட்டது. அமுதத்துக்கு அதெல்லாம் காதில் விழுந்ததே தவிர மனசில் ஏறவில்லை. அவளுக்கு அன்றைக்குக் கேதார கௌரி நோன்பு.

சிவனிடம் பாதி உடம்பைக் கேட்டுப் பார்வதி பட்டினி கிடந்த நோன்பு அது. எல்லா வீட்டுக்கும் கிடையாது. நோன்பு உள்ள வீடு, இல்லாத வீடு என்று ஊரே இரண்டு வகை. அமுதத்தின் மாமியார் கமலாம்பாள் இருந்தவரை இந்த வீட்டில் தவறாமல் நடந்தது. அவர் போய்ச் சேர்ந்த துக்கத்தில் போன வருஷம் விட்டுப்போனது. இந்த வருஷம் மறுபடி எடுக்க வேண்டும் என்று பூவத்திலிருந்து நாத்தனார் அன்னபூரணி வந்து, வெல்லப் பாகு வைத்து, அதிரசம் தட்டக் கற்றுக்கொடுத்து, முறைகளைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. படைத்த அதிரசம் வெளியாள் வாய்க்குப் போகக்கூடாது. ஏற்றிய விளக்கு மறுநாள் விடியும்வரை அணையக்கூடாது.

இதெல்லாம் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இந்த வீட்டுக்கென்று தனியாக ஒன்று உண்டு. இந்த வீட்டு ஆண்கள் மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன், ஜிபுத்தி என்று போனவர்கள். நோன்பன்றைக்கு யாராவது ஒருத்தருடைய பங்கு வாங்க ஆளில்லாமல் கிடக்கும். அதனால் அமாவாசை கழிவதற்குள் அந்தப் பங்கைத் தாம்பாளத்தில் வைத்துக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய், கடலைப் பார்த்து நின்று, இல்லாதவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அப்புறம் உள்ளே கொண்டுவந்து விளக்கடியில் வைத்துவிட்டால், அவர் எப்போது வந்தாலும் அதிரசத்தைக் கொடுத்துக் கயிற்றைக் கட்டலாம். பிரான்ஸ் மேற்கே அல்லவா இருக்கிறது என்று படித்தவர்கள் கேட்பார்கள். கேட்டுக்கொள்ளட்டும். கப்பல் போனது இந்தக் கடலில்தான்.

"பேரச் சொல்லித்தான் கூப்புடணும் அமுதம்" என்று அன்னபூரணி மாவு பிசைந்தபடியே சொன்னாள். "அமாவாசையில கடலப் பாத்து சும்மா வா வான்னா, கடலோட போனவன்ல காதுல விழுந்தவன்லாம் தன்னத்தான் கூப்புடறாங்கன்னு கெளம்பி வந்துருவான்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பங்கத் தின்னு கயிறும் கட்டிக்கிட்டா அப்புறம் வூட்டு ஆளு. போன்னு சொல்ல முடியாது."

"ஐயையோ அண்ணி, அவுங்க பேர நான் எப்புடிச் சொல்றது?"

"அதான் நான் வர்றேங்கறேன்ல. எந் தம்பிய நான் கூப்புட்டுக்கறேன். நீ பாட்டுக்கு வெளக்கப் பாத்துக்க."

அமுதம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கணவர் பெயரை வாயால் சொன்னதில்லை. பிரெஞ்சு அலுவலகத்தில் பெயர் கேட்டதற்குக்கூட, வெட்கப்பட்டுக்கொண்டு காகிதத்தில் எழுதிக் காட்டியவள். சோமசேகரன் என்று எழுதுவாள். படித்துக் காட்டச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்வாள்.

அன்னபூரணி வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலேயே காற்று கிளம்பிவிட்டது, பூவத்துப் பக்கம் பஸ் இல்லை என்று பால்காரர் சொன்னார். அமாவாசை மதியத்தோடு கழிகிறது. அமுதம் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்படியில் போய் நின்றாள். கடல் ஈய நிறத்தில் கிடந்தது. பெயர் தொண்டைவரை வந்தது. நாக்கு புரளவில்லை. பக்கத்தில் ஈ காக்கை இல்லை, ஆனாலும் புரளவில்லை.

"என்னங்க" என்றாள். "வாங்க. ஒங்க பங்கு இருக்கு. வந்து வாங்கிக்குங்க."

ஒரு மூச்சு நேரம் அலைச்சத்தம் நின்றது. காற்று திசை மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தாம்பாளத்தைப் படியில் வைத்துவிட்டுக் கால் கழுவி உள்ளே வந்தாள். திரும்பப் போய் எடுத்து வந்தது கொஞ்சம் கழித்துத்தான்.

இப்போது பொழுது சாயும் நேரத்தில், விளக்குக்கு எண்ணெய் விடக் குனிந்தபோது, கயிறு இப்படி இருக்கிறது.

அவள் அந்த நோன்பில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் வந்து சேர வேண்டும். பட்டாளத்துக்குப் போனவரைப் பார்த்து இரண்டரை வருஷம் ஆகிறது. பம்பாயில் இறங்கிவிட்டேன், வெள்ளி அல்லது சனி வீட்டில் இருப்பேன் என்று தந்தி வந்திருந்தது. வந்து வாசலில் நின்று "அமுது" என்று ஒரு குரல் கொடுப்பார். அம்மா அப்பா முதல் ஊரில் எல்லோருக்கும் அவள் அமுதம். அவர் ஒருவருக்குத்தான் அமுது. அந்தக் குரலைக் கேட்க அவள் இன்னும் பத்து நோன்பு வேண்டுமானாலும் இருப்பாள்.

பொழுது விழுந்து கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. மழை சாய்வாக அடிக்கத் தொடங்கியது. வாசற்கதவு அதிர்ந்தது.

"அமுதம்! கதவத் தெற, அமுதம்!"

பக்கத்து மாடிவீட்டு ழானெத். கணவரின் பிரெஞ்சுப் பென்ஷனில் தனியாகக் காலம் தள்ளுகிற கிறிஸ்தவ அம்மாள்; அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் மதாம். குடை பின்பக்கமாக மடிந்து போயிருக்க, நனைந்த கோழியாக நின்றார். அவருக்கு இழுப்பு உண்டு. பேச்சுக்கு முன்னால் தொண்டையில் ஒரு சின்னச் செருமல் வரும்.

"க்கும்... தனியா இருக்காத. சாப்புட்டியா? க்கும்... எங்க வூட்டுக்கு வந்துரு."

"வெளக்கு இருக்குங்க மதாம், வுட்டுட்டு வரக்கூடாது. அவுங்க வேற ராத்திரிக்கு வந்தாலும் வருவாங்க. பூட்டுன கதவப் பாத்துக்கிட்டா நிப்பாங்க?"

"மோன் தியே, கடவுளே! இந்தக் காத்துல அவன் எங்கேந்து வருவான்?" என்று கையை விரித்தார். ரொம்பப் பயமாக இருந்தால் சுவரோரம் நின்று சத்தம் போடு என்று சொல்லிவிட்டு, மடிந்த குடையோடு போராடிக்கொண்டே போனார். வழி நெடுக, "அமுதம், கதவ நல்லா தாப்பாப் போட்டுக்க, அமுதம்!" என்று கத்தியது காற்றில் கிழிந்து கொல்லைப்பக்கம் போயிற்று. தன் பெயரை இப்படி வெளியில் இறைக்காமல் இருந்திருக்கலாம் என்று அமுதத்துக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று அவளுக்கே தெரியவில்லை.

இருட்டு கட்டிய பிறகு காற்றுக்குப் பல குரல்கள் வந்துவிட்டன. ஓடுகளுக்கடியில் புகுந்து ஒன்று விசில் அடித்தது, தென்னைகளைப் பிடித்து ஒன்று உலுக்கியது, கிணற்றடியில் கிடந்த தகர வாளியை ஒன்று முற்றம் முழுக்க உருட்டி விளையாடியது. அவை எல்லாவற்றுக்கும் கீழே, தரையோடு தரையாக, கடல் ஒரே சுதியில் முனகிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் எண்ணெய் வாசனையும் வெல்ல வாசனையும் இருந்தன. அவற்றுக்கு நடுவே, மெல்ல மெல்ல, கழிமுகத்துச் சேற்று வாடை ஒன்று தலைகாட்டியது. அமுதம் பூஜை அறை நிலைப்படியில் விளக்குக்கு முதுகைக் காட்டாமல் உட்கார்ந்து, சுடரைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். கயிற்றைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். அது காயவே இல்லை. அதிலிருந்து வடிந்த தண்ணீர் தாம்பாளத்தில் குளம் கட்டியிருந்தது.

அப்போது கொல்லைக் கதவின் அடியில் யாரோ கையால் தடவினார்கள்.

நாயாக இருக்கும். மழைக்கு ஒதுங்கிய நாய். ஆனால் நாய் பிறாண்டும். இது தடவியது. ஈரமான உள்ளங்கை பலகைமேல் வழுக்கிக்கொண்டு போகிற சத்தம். முதலில் கதவின் அடியில். பிறகு நடுவில். பிறகு தாழ்ப்பாள் உயரத்தில். படுத்துக் கிடந்த ஆள் மெல்ல எழுந்து நிற்கிற கணக்காக.

"என்னங்க" என்றது வெளியே.

பெண்குரலா ஆண்குரலா என்று தெரியவில்லை. தண்ணீர் நிறைந்த குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் அப்படிக் கேட்கும்.

"வாங்க. ஒங்க பங்கு இருக்கு. வந்து வாங்கிக்குங்க."

அவளுடைய வார்த்தைகள். மதியம் அவள் விட்ட இடத்தில் விட்டு, இழுத்த இடத்தில் இழுத்து, அப்படியே. அமுதத்துக்கு அன்னபூரணியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அடி பாவி மகளே, என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று தன்னையே வைதுகொண்டு, அடுக்களையிலிருந்து உலக்கையை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். வெளியே இருந்தது கதவை இடிக்கவில்லை. மறுபடியும் அதையே சொன்னது. மறுபடியும். பிறகு நின்றுவிட்டது.

அது போய்விட்டதா, நிற்கிறதா? தெரியாமல் உட்கார்ந்திருந்ததுதான் பெரிய கொடுமை. ஊருக்குள் அம்மையப்பன் கோயில் இருக்கும் திசையில் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரை மட்டும் கொண்டுவந்து சேர்த்துவிடு, வேறு ஒன்றும் வேண்டாம் என்று முணுமுணுத்தாள். ஓடு ஒன்று பறந்தது. அடுக்களைக்குள் மழை கொட்டியது. வாசல்பக்கம் சலசலவென்று தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது.

பிறகு முன்கதவில் தட்டு. பலமான தட்டு, ஆண்பிள்ளைத் தட்டு.

"அமுதம்! கதவத் தெற, அமுதம்!"

ஆண்குரல். காற்றில் கரகரத்துப் போன குரல். அவள் துள்ளி எழுந்தாள். கொல்லையில் வந்ததற்கு அவள் பெயர் தெரியாது. இவருக்குத் தெரிகிறது. வேறு யார்? மனசின் ஏதோ ஒரு மூலையில் சின்ன முள் ஒன்று நெருடியது. என்ன என்று நின்று பார்க்க நேரமில்லை. இரண்டரை வருஷம். இந்தப் புயலில். நடந்தே வந்திருப்பார்.

தாழ்ப்பாளை நீக்கியதும் காற்று கதவைப் பிடுங்கித் திறந்தது. மழைத் திரைக்கு நடுவே உயரமாக ஒரு உருவம். அவர் உயரம், அவர் தோள். தலைமயிர் நனைந்து முகத்தில் விழுந்து ஒட்டியிருந்தது. உருவத்தோடு கணுக்கால் அளவு தண்ணீரும் உள்ளே வந்தது. அவள் கதவோடு மல்லுக்கட்டிச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பியபோது, அவர் கூடத்தைத் தாண்டிப் பூஜை அறைக்கு முன்னால், விளக்கு வெளிச்சம் எட்டாத இடமாகப் பார்த்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இப்புடியா நனைஞ்சுக்கிட்டு வருவீங்க? பஸ்ஸு இல்லன்னா நாகூர்லயே தங்கிட்டு வந்தா என்ன? பெட்டி எங்க? துண்டு எடுத்தாரேன், இருங்க." பயம் போன சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை. "கொல்லையில என்னமோ வந்துச்சுங்க. செத்தே போயிட்டேன்."

"தனியா இருக்காத" என்றார்.

அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை நாள் பிரிவுக்குப் பிறகு முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"சாப்புட்டியா?"

"நோன்புங்க. மத்தியானமே படைச்சுட்டேன். ஒங்க பங்கு இருக்கு."

சொன்னதும் அவர் வலது கை இருட்டிலிருந்து நீண்டது. அவள் அதிரசத்தை வைத்தாள். அவர் தின்னும் சத்தம் கேட்டது. மெல்லும் சத்தம் இல்லை. ஊறிய மண் கரைந்து விழுகிற சத்தம். பசி, பாவம் என்று நினைத்துக்கொண்டாள். கை மறுபடி நீண்டது, உள்ளங்கை மேலாக, கயிற்றுக்கு. விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. மழையில் இவ்வளவு நேரம் நனைந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். கை சில்லிட்டிருந்தது. அதுவும் அப்படித்தான். சேற்று வாடை அடித்தது. வழியெல்லாம் சேறுதானே.

கயிற்றைச் சுற்றி முதல் முடிச்சைப் போட்டாள். இறுக்கிய இடத்தில் சதை அமுங்கியது. அமுங்கியது திரும்ப எழும்பவில்லை. அவள் விரல்கள் தாமாகவே, பழகிய வேகத்தில், அடுத்த முடிச்சையும் போட்டு முடித்தன.

"க்கும்" என்று செருமினார். "எங்க வூட்டுக்கு வந்துரு."

அமுதம் அசையவில்லை.

அந்தச் செருமல். தொண்டையில் வந்து போகிற அந்தச் சின்ன இழுப்பு. தனியா இருக்காத. சாப்புட்டியா. எங்க வூட்டுக்கு வந்துரு. வரிசைகூட மாறவில்லை. வாசலில் மதாம் சொன்னது. அதற்கு முன்னால் மதாம் கத்தியது. கதவத் தெற, அமுதம். அமுதம். நெருடிய முள் எது என்று இப்போது தெரிந்தது.

அவர் ஒருநாளும் அவளை அமுதம் என்று கூப்பிட்டதில்லை.

கையை விலக்கினாள். விலகவில்லை. வெளுத்த விரல்கள் அவள் இடது மணிக்கட்டில், அவளுடைய கயிற்றின்மேல், பதிந்திருந்தன. பிடி இறுகவில்லை; விடவும் இல்லை.

முன்கதவில் தட்டு.

"அமுது!"

தூரத்திலிருந்து வந்தது போல மெலிந்த குரல். களைத்த குரல். அவர் குரல்.

"அமுது, நாந்தான். கதவத் தெற. தண்ணி ஏறுது."

"வர்றேங்க! வர்றேன்!" அவள் கத்தினாள். இழுத்தாள். காலால் நிலைப்படியை உதைத்துக்கொண்டு இழுத்தாள். தாழ்ப்பாள் கூடத்தின் மறுகோடியில் இருந்தது. நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். ஒரு எட்டுக்கூட வைக்க முடியவில்லை.

பேரச் சொல்லித்தான் கூப்புடணும். கண்ணை மூடிக்கொண்டாள். நாக்கு புரண்டது.

"சோமசேகரன்! சோமசேகரன்!"

பக்கத்தில் இருந்தது திரும்பக்கூட இல்லை. அந்தப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளியே தட்டுவது ஒரு கணம் நின்றது.

"அமுது? நீயா பேரச் சொல்லிக் கூப்புட்ட?" அந்த மழையிலும் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. அப்புறம் இருமல். "சீக்கிரம் தெற. கீழ்ப்படியில இடுப்புக்கு வந்துருச்சு. கால் நிக்கல..."

"இதோ... இதோங்க..."

அது எழுந்து நின்றது. அவளையும் எழுப்பியது. கூடத்துப் பக்கம் இல்லை. கொல்லைப் பக்கம். அவள் தரையைப் பிடித்தாள், தூணைப் பிடித்தாள், தாம்பாளத்தைப் பிடித்தாள். தாம்பாளம் கையோடு வந்து உருண்டது. முன்கதவில் தட்டு விழுந்தது. கொஞ்சம் விட்டு ஒன்று. நிறைய விட்டு ஒன்று. முட்டுக்கொடுத்த உலக்கை தானாகச் சாய்ந்தது.

கொல்லைக் கதவு திறந்தது.

மணல் இல்லை, கிணறு இல்லை. படியைத் தொட்டுக்கொண்டு கடல் நின்றது. மின்னல் ஒன்று நிதானமாக வெட்டியது. தண்ணீரில், தென்னைகளுக்கு நடுவிலும் அதற்கப்பாலும், கண்ணுக்கெட்டிய மட்டும் ஆட்கள் நின்றிருந்தார்கள். எல்லோர் தலைமயிரும் நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. எல்லோர் முகமும் இந்தப் படியைப் பார்த்திருந்தது.

காதோரத்தில், வெல்ல வாசனையோடு, அவளுடைய சொந்தக் குரல் அவர்களைப் பார்த்துச் சொன்னது.

"வாங்க. ஒங்க பங்கு இருக்கு."

முன்கதவில் தட்டுவது நின்றுபோயிருந்தது. தண்ணீரில் நின்றவர்கள் எல்லோரும், உள்ளங்கை மேலாக, வலது கையை அவளை நோக்கி நீட்டினார்கள்.